ஊரு என்ற கட்டம்

இதில் யாருடைய பெயரையும் எழுதப் போவதில்லை. நாகரிகம், கூச்சம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு காலத்தில் நான் பெயர்களாக எழுதித் தள்ளியவள். பெயர், அடையாள அட்டை நம்பர், போன் நம்பர், வேலை, ஊர் என்று கட்டம் கட்டமாகப் பிரித்து, ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதி வைத்தவள். அந்தக் கெட்டிக்காரத்தனம் எனக்கு இந்த ஜென்மத்துக்குப் போதும்.

மாத்தளை டவுனில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கொமினிகேஷனில் வேலை செய்தேன். இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லே தெரியாது. வெளிநாட்டுக்குப் போன் எடுக்க, பேக்ஸ் அனுப்ப, போட்டோ கொப்பி அடிக்க, விண்ணப்பம் நிரப்ப, எல்லாவற்றுக்கும் ஒரே கடை. போர் கடைசிக் கட்டத்துக்குள் போய்க்கொண்டிருந்த வருடங்களில் எங்கள் முதலாளி நாலு கொம்பியூட்டர் வாங்கி, இடையிடையே பலகை அடித்து, இன்டர்நெட்டும் போட்டார். முதலாளி மாத்தளையிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம். ஊரே அவரை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். அவருக்குக் கொம்பியூட்டரைத் தொடவே பயம். உக்குவளையிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கி, ஷட்டரைத் தூக்கி, நாலு மெஷினையும் போட்டு, சாமி படத்துக்கும் அவர் மாட்டியிருந்த குர்ஆன் ஆயத்துக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்தால் அந்தக் கடைக்கு நான்தான் ராணி. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வருகிற ஆட்களில் பாதிப் பேருக்கு ஈமெயில் என்றால் என்னவென்றே தெரியாது. கட்டாரில் வேலைக்குப் போக ஏஜென்சிக்காரன் கேட்கிறான் என்று வருவார்கள். நான்தான் திறந்து கொடுப்பேன். ஒரு வாரம் கழித்து வந்து, பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்று தலையைச் சொறிவார்கள். மறந்தால் திறப்பதற்கு ஒரு ரகசியக் கேள்வி வைத்திருப்பார்கள் அல்லவா, நீங்கள் பிறந்த ஊர் எது, உங்கள் முதல் ஆசிரியர் யார் என்று? ஆசிரியர் பெயரை எப்படி எழுதுவது என்று ஆளுக்கொரு சண்டை வரும். ஊர் என்றால் லேசு. அதனால் எல்லாருக்கும் ஊரையே போட்டேன். அதையும் எப்படி எழுத்துக்கூட்டினோம் என்று மறந்துவிடுவார்களே என்று நானே ஒரு ஷீட் தயாரித்து அதில் பாஸ்வேர்ட் உட்பட எல்லாவற்றையும் ஏற்றி வைத்தேன். யாரும் சொல்லவில்லை. நானா கூடக் கேட்கவில்லை. என் உபகார புத்தி.

தமிழ் எழுத்து அந்த மெஷினில் ஒழுங்காக வராது. தலைப்புகளை ஆங்கில எழுத்திலேயே தமிழாக அடித்தேன். ஊர் என்பதற்கு நாம் பேசுகிற மாதிரியே ‘ஊரு’ என்று. போட்டோ கொப்பி மெஷினில் நின்ற சிங்களத் தங்கச்சி அதைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிங்களத்தில் ஊரு என்றால் பன்றிகள். ‘அக்கே, எத்தனை பன்றி சேர்த்திருக்கிறீங்க?’ என்று தினமும் கேட்பாள். எனக்கும் சிரிப்புத்தான். மாற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை.

ஆனால் எங்கள் மலையக ஆட்களிடம் ஊரைக் கேட்பது நான் நினைத்த மாதிரி லேசாக இருக்கவில்லை. ‘ஊரு எதுங்க?’ என்றால் ஒரு பெரியவர் திருச்சிப் பக்கத்தில் ஏதோ ஒரு கிராமத்தைச் சொல்வார். அவருடைய தாத்தா கப்பலேறும் முன் இருந்த ஊர், இவர் அதைக் கண்ணால் கண்டதில்லை. இன்னொருவர் தேயிலைத் தோட்டத்தின் பெயரைச் சொல்வார், அதிலும் மேல் டிவிஷன் கீழ் டிவிஷன் என்று விளக்கம் கொடுப்பார். கடைசியில் நான் எரிச்சலாகி, ‘தாத்தா ஊரு இல்லங்க, நீங்க பொறந்து விழுந்த ஊரு’ என்று கேட்கப் பழகிக்கொண்டேன். அதைக் கேட்காமல் விட்டிருக்கலாம்.

அவர் வந்தது ஒரு மழைக்காலத்தில். எல்கடுவப் பக்கத்துத் தோட்டத்தில், லயத்து வரிசை வீடொன்றில் தாயோடு இருந்தவர், முப்பது வயது இருக்கும், வயரிங் வேலை. டவுனில் புதிதாக ஒரு வீடு எழும்பினால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவருக்கும் கட்டாருக்குப் போக வேண்டும், அதற்கு ஈமெயில் வேண்டும். பெயர், நம்பர் எல்லாம் சொன்னார். நான் அடித்துக்கொண்டே வந்து ஊரு எது என்று கேட்டேன்.

‘எல்கடுவ’ என்றார்.

‘அது இருக்கிற ஊரு. பொறந்தது?’

அவர் சிரித்தார். பெரிய சிரிப்பு இல்லை. உதட்டோரத்தில் ஒன்று வந்து அப்படியே நின்றது. ‘மாத்தளைன்னு போடுங்க மிஸ்’ என்றார். போடுங்க என்றதுதான் என் காதில் விழுந்தது. போடுங்க என்று சொல்கிற ஆள் அங்கே பிறக்கவில்லை. நான் அதை விடுகிற ஆளா? அப்படியென்றால் பிறந்தது எங்கே என்று திரும்பக் கேட்டேன். திரும்பவும் அதே சிரிப்பு. எனக்குக் கோபம் வந்தது. கடையில் உட்கார்ந்திருக்கிற பெண் என்றால் எல்லாருக்கும் ஓர் இளக்காரம்.

‘என்ன சிரிப்பு இப்ப? உண்மையச் சொல்லுங்க. பொய் சொன்னா மறந்துரும், அப்புறம் எங்கிட்டதான் வந்து நிப்பீங்க.’

அவர் திரும்பிப் பின்னால் பார்த்தார். பலகைக்கு அப்பால் யாரும் இல்லை. குனிந்து, மெதுவாக, ‘கிளிநொச்சி’ என்றார். அடையாள அட்டையில் மாத்தளை என்றுதான் இருக்கிறது என்றும் சொன்னார். ஐடியை யார் கேட்டது, இது கொம்பியூட்டர் கேட்கிறது என்று நான் அடித்துவிட்டேன். அடித்து, ஷீட்டிலும் ஏற்றினேன்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். கட்டார்க் கம்பனிகளுக்கு எழுதுவார், தமிழ்ச் செய்தி பார்ப்பார். அந்த வருடம் அம்மன் கோயில் தேருக்கு லைட் போடும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து தேரைச் சுற்றி ஓட வேண்டும், அதற்கு டைமர் எப்படிச் செய்வது என்று தேடித் தேடி, படங்களைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனார். தேரன்று நானும் பார்த்தேன். சிவப்பும் பச்சையுமாக வெளிச்சம் ஓடியது. கூட்டத்துக்குள் என்னைக் கண்டுவிட்டுக் கையைத் தூக்கிக் காட்டினார். அன்றைக்கு அவர் சிரிக்கவே இல்லை. முகமெல்லாம் சந்தோஷம், சிரிப்பு மட்டும் இல்லை. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

என் ஷீட்டில் கடைசியாகக் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் இருந்தது. யார் எதற்கு வருகிறார்கள் என்று அதில் எழுதுவேன். மறுமுறை வரும்போது, கட்டார் வேலை என்ன ஆயிற்று, மகளின் ரிசல்ட் வந்ததா என்று நானாகவே விசாரித்தால் ஆட்களுக்கு அத்தனை சந்தோஷம். மற்றக் கடைகளில் இன்டர்நெட் நேரத்தைக் கணக்கிடக் கஸ்டமர் ஒன்று, கஸ்டமர் இரண்டு என்று போடுவார்கள். நான் சொந்தப் பெயரைப் போடுவேன். யார் எந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள் என்பதும் அந்தப் பெயரின் கீழேயே என் மெஷினில் கிடக்கும். அவருடைய குறிப்பில் எழுதியிருந்தேன்: கட்டார், தமிழ் நியூஸ், டைமர்.

அப்புறம் நான் உட்காரும் மெயின் மெஷினில் வைரஸ் வந்தது. நானாவுக்குத் தெரிந்த ஒருவர் வெளியூரிலிருந்து வந்து, பெட்டியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போய், நாலு நாளில் கொண்டுவந்து கொடுத்தார். எல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்று ஷீட்டைத்தான் முதலில் திறந்து பார்த்தேன். இருந்தது. ஒன்று இருந்த இடத்திலேயே இருக்க, அதையே இன்னொருவர் எடுத்துக்கொண்டும் போகலாம் என்று எனக்குத் தெரியாது. வளையல் காணாமல் போனால்தான் திருட்டு என்று நினைக்கிற குடும்பத்தில் வளர்ந்தவள்.

முதலில் வந்து சொன்னவர் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர். யாரோ போன் எடுத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பிறந்த ஊரையும் சொல்லி, துபாய் வேலைக்குத் தேடுகிறீர்கள்தானே என்று கேட்டானாம். நீங்களே யாரிடமாவது உளறியிருப்பீர்கள் என்று அவரை அனுப்பிவிட்டேன். அவர் முகம் சுருங்கிப் போனது. பிறகு இன்னும் இரண்டு பேர் அதே மாதிரிச் சொன்னார்கள். என்றாலும் என் ஷீட்டை நான் சந்தேகப்படவில்லை.

ஒரு நாள் காலையில் கடைக்கு வந்தபோது நானா வாசலிலேயே நின்றார். வயரிங் செய்கிற தம்பியை, வேலை செய்துகொண்டிருந்த வீட்டிலிருந்து இரண்டு பேர் விசாரணைக்கென்று கூட்டிப் போய்விட்டார்களாம். சிவில் உடுப்பாம். எந்த இடம் என்று வீட்டுக்காரருக்குச் சொல்லவில்லையாம். ஏணி அப்படியே சுவரில் சாத்திக் கிடக்கிறதாம். அந்தக் காலத்தில் இப்படி ஒரு செய்தி வந்தால் கேட்டவர்கள் அடுத்த கேள்வி கேட்க மாட்டார்கள். நானும் கேட்கவில்லை. உள்ளே போய் மெஷின்களைப் போட்டேன்.

பத்து நாள் கழித்து என்னையும் கூப்பிட்டார்கள். ஓர் அலுவலகம், ஒரு மேசை, மரியாதையாகப் பேசுகிற ஒரு மனிதர். உட்காரச் சொன்னார். தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டார். மேசையில் சில தாள்கள் இருந்தன. மேல் தாளைத் தலைகீழாகப் பார்த்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. கோடுகள், கட்டங்கள், தலைப்பு வரியில் நான் பூசிய மஞ்சள். ஐந்தாவது கட்டத்தில் ‘ஊரு’.

அவர் அதன்மேல் பேனாவை வைத்து, இது என்ன, பன்றிகளின் பட்டியலா என்று சிங்களத்தில் கேட்டார். நான் விளக்கம் சொன்னேன். அவர் ஒன்றையும் மறுக்கவில்லை. இன்னொரு தாளை எடுத்து வாசித்தார். பிறந்தது கிளிநொச்சி, அடையாள அட்டையில் அதை மறைத்திருக்கிறார். தொழில் மின்சாரம். டைமர் செய்யும் முறையைப் பலமுறை தேடியிருக்கிறார். தமிழ்ச் செய்தி பார்க்கிறார். நாட்டைவிட்டுப் போக அவசரப்படுகிறார். எல்லாம் நான் அடித்தது. வேறு வேறு நாளில், தேநீரைக் குடித்துக்கொண்டு, பக்கத்தில் தங்கச்சியோடு கதைத்துக்கொண்டு அடித்தது. தனித்தனியாக ஒன்றிலும் ஒன்றும் இல்லை. அந்த மனிதர் அதை ஒரே மூச்சில் வாசித்தபோது, நான் அறியாத எவனோ ஒருவன் அங்கே எழும்பி நின்றான். எனக்கே அவனைக் கண்டு பயமாக இருந்தது.

தேர் லைட்டுக்கு ஐயா, கோயில் தேருக்கு, நான் கண்ணால் பார்த்தேன் என்றேன். எழுதிக்கொண்டார். இந்தத் தாள் உங்களுக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். தாள்களை அடுக்கி வைத்துவிட்டு, போகலாம் என்றார். கடைக்கு வந்து நானாவிடம் சொன்னபோது அவர் நாற்காலியில் அமர்ந்து, ‘அழிச்சிடு மகள், இப்பவே அழிச்சிடு’ என்றார். அழித்தேன். என்னிடம் இருந்தது அழிந்தது.

அவருடைய தாய் கடைக்கு வந்தது இரண்டு மாதம் கழித்து. தேயிலைக் கொழுந்து எடுத்து ஓய்ந்த பெண், ஒல்லி, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் பிள்ளையின் படம், அடையாள அட்டைக் கொப்பி, போன இடங்களிலெல்லாம் கொடுத்த துண்டுச் சீட்டுகள். பொலிஸ், கேம்ப், மனித உரிமை அலுவலகம், கட்சி அலுவலகம் என்று ஏறாத படி இல்லை. எந்த இடத்திலும் அவர் இல்லை, கூட்டி வரவே இல்லை என்றுதான் பதில். கடைசியாக, மகன் அடிக்கடி சொல்வானே, கொமினிகேஷன் மிஸ்ஸிடம் எனக்குக் கடிதம் வரும் என்று, அதைக் கேட்க வந்திருந்தார்.

நான் மகனுடைய ஈமெயிலைத் திறந்து காட்டினேன். ஷீட் இல்லாவிட்டால் என்ன, அந்தப் பாஸ்வேர்டும் ஊரும் எனக்கு மறக்குமா. கட்டாரிலிருந்து ஒரு கம்பனி இரண்டு முறை எழுதியிருந்தது, வரச் சொல்லி. அம்மா திரையைத் தொட்டுப் பார்த்தார்.

‘இதுல எழுதிப் போட்டா அவன் எங்க இருந்தாலும் பாப்பானா புள்ள?’

பார்க்கலாம் அம்மா என்றேன். பொய் என்று சொல்ல முடியாது. உலகத்தில் எந்த மெஷினிலிருந்தும் திறக்கலாம்தானே. அம்மா மாதத்தில் இரண்டு முறை வருவார். அவர் சொல்ல நான் கடையின் ஈமெயிலிலிருந்து அடித்து அனுப்புவேன். லயத்துக் கூரை ஒழுகுவது, மாடு கன்று போட்டது, அவன் கூடப்பிறந்த தங்கச்சி கொழும்புப் பக்கம் கார்மெண்ட் பேக்டரியில் சேர்ந்தது, எந்தச் சந்தியில் போர்டிங், எந்த அக்காவோடு தங்கியிருக்கிறாள், எல்லாம். அனுப்பிவிட்டு மகனுடைய பெட்டியைத் திறந்து, வந்து சேர்ந்ததா என்று காட்டுவேன். படிக்காத கடிதம் தடித்த எழுத்தில் நிற்கும், படித்தால் மெலிந்துவிடும், நான் அதைத் தொட மாட்டேன் என்று சொல்லி வைத்திருந்தேன். ஆறேழு கடிதங்கள் தடித்த எழுத்திலேயே வரிசையாகக் கிடந்தன.

ஒரு திங்கட்கிழமை பார்த்தேன், எல்லாம் மெலிந்திருந்தன.

நான் தொடவில்லை. கடைத் தங்கச்சிக்கு அந்தப் பாஸ்வேர்ட் தெரியாது. அப்படியென்றால் அவர் உயிரோடு இருக்கிறார், எங்கோ ஒரு மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து தாயின் கடிதத்தைப் படிக்கிறார். கடையிலேயே அழுதேன். அம்மா வந்தபோது, உங்கள் மகன் படித்துவிட்டார் என்று சொன்னேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்கு முன்பும் பிறகும் யாரும் எனக்கு அப்படிச் செய்ததில்லை.

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதுதான் மற்றது தோன்றியது. அந்த ஷீட் யார் யாரிடம் இருக்கிறதோ, அவர்கள் எல்லாரிடமும் அவருடைய பாஸ்வேர்ட் இருக்கிறது. ஊரும் இருக்கிறது. பாஸ்வேர்டையும் ஊரையும் மாற்றிவிட்டால் அவர்களுக்குக் கதவு அடைபடும். ஆனால் படிப்பது அவராக இருந்தால்? கேம்பில் எவனோ ஒரு நல்லவன் ஐந்து நிமிடம் விட்டிருந்தால்? அவர் வந்து தட்டும்போது நான் உள்ளே தாழ்ப்பாள் போட்டவளாகிவிடுவேன். இரண்டு முறை மாற்றப் போய், இரண்டு முறையும் விட்டுவிட்டேன்.

ஒரு சோதனை வைத்தேன். நானாகவே ஒரு கடிதம் எழுதினேன். முதன்முதலாக ஊரு எது என்று கேட்டபோது நீங்கள் சொன்ன பதில் எது, அதை மட்டும் எழுதுங்கள் என்று. முதலில் எல்கடுவ என்று சொன்னது எங்கும் பதியப்படவில்லை, அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். மூன்றாம் நாள் கடிதம் மெலிந்தது. பதில் வரவில்லை. படித்தது அவர் இல்லை என்று ஒரு மனம் சொன்னது. இன்னொரு மனம், மறுபடியும் ஊரைக் கேட்கிறாளே இந்தச் சனியன், இவளுக்கு எப்படிப் பதில் எழுதுவது என்று அவர் பயந்திருப்பார் என்றது. நான் நான்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? மாதக்கணக்கில் இப்படியே கிடந்து அல்லாடினேன். அம்மாவின் கடிதங்கள் போய்க்கொண்டே இருந்தன, மெலிந்துகொண்டே இருந்தன.

போர் முடிந்துவிட்டது என்று அறிவித்த நாட்களில் டவுன் முழுக்கக் கொடி. பஸ் ஸ்டாண்டில் பட்டாசு வெடித்து, வருகிற போகிறவர்களுக்கெல்லாம் பாற்சோறு கொடுத்தார்கள். எங்களுக்கும் கொடுத்தார்கள், வாங்கி வைத்துக்கொண்டோம். அந்தச் சத்தத்துக்குள் அம்மா வந்தார். பட்டாசுக்கு ஒவ்வொரு முறையும் தோள் துள்ளியது, ஆனாலும் முகத்தில் ஒரு தெளிவு. சண்டை முடிந்துவிட்டது, இனி வைத்திருந்து என்ன செய்யப்போகிறார்கள், வீட்டுக்கு வரச் சொல்லி எழுது என்றார். எழுத உட்கார்ந்தேன். அப்போதுதான் சொன்னார். மகளின் போர்டிங்குக்கு இரண்டு பேர் வந்தார்களாம். அண்ணனைப் பற்றி விசாரித்தார்களாம். நல்ல மாதிரியான ஆட்களாம்.

‘பாவம், அவனோட பழகினவங்க போல. காது இப்ப எப்படின்னு கேட்டாங்களாம் புள்ள.’

மகளின் காதில் சீழ் வடிவதை அதற்கு முந்திய கடிதத்தில் எழுதியிருந்தோம். அவள் வெட்கப்பட்டு வேறு யாரிடமும் சொல்லவில்லை, மருந்துக்கும் போகவில்லை என்றும் எழுதியிருந்தோம். நான்தான் அடித்தேன்.

நான் எழுந்து போய் ஷட்டரைப் பாதி இறக்கினேன். நானாவும் கடைத் தங்கச்சியும் வெளியே பாற்சோறு கொடுப்பவர்களோடு நின்றார்கள். அம்மாவின் முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு அமர்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஷீட், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது, மஞ்சள் பூசிய தாள், ஊரு என்ற கட்டம். கடிதங்களைப் படிப்பது உங்கள் பிள்ளை இல்லை, பிடித்தவர்கள் என்று சொன்னேன். அவர் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அவர் பிளாஸ்டிக் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, தோட்டத்தில் பஞ்சம் வந்து, ரொட்டிக்கும் வழியில்லாமல், கைப்பிள்ளை ஒன்றைப் பறிகொடுத்துவிட்டுக் கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டப் போன கதையைச் சொன்னார். அங்கேதான் இவன் பிறந்தான். இவன் நடக்கத் தொடங்குமுன் திரும்பி வந்துவிட்டார்கள். புருஷன் பதிவுக் கந்தோருக்கு அலைந்து, பிந்திய பதிவாக, மாத்தளையில் பிறந்தான் என்று எழுதி வாங்கினார். லயத்தில் பக்கத்துக் காம்பராவுக்குக்கூடத் தெரியாது. முப்பது வருடமாக வாயைத் திறக்கவில்லை, மகளிடமும் சொல்லவில்லை.

‘அவனா சொன்னானா, நீ கேட்டியா?’

‘நான்தாம்மா கேட்டேன்.’

தலையை ஆட்டினார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். திரையில் பாதி அடித்த கடிதம் நின்றது. அதைக் காட்டி, இதை இப்போது அவர்கள் படிப்பார்களா என்று கேட்டார். படிப்பார்கள் என்றேன்.

‘அப்ப அவங்களுக்கே எழுது. அவங்க பாஷையில எழுது.’

ஆங்கில எழுத்தில் சிங்களமாக அடித்தேன். ‘மகத்தயாக்களுக்கு’, அதாவது ஐயாமாருக்கு, என்று தொடங்கச் சொன்னார். அவனுக்கு மூச்சிழுப்பு இருக்கிறது, குளிர் நிலத்தில் படுக்க வைக்க வேண்டாம், இழுப்புக்கான பம்பை நான் கொண்டுவந்து தருகிறேன், எங்கே என்று மட்டும் சொல்லுங்கள். மாட்டிறைச்சி சாப்பிட மாட்டான், வெறும் சோறு கொடுத்தாலும் போதும். தங்கச்சியை விட்டுவிடுங்கள், அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு வசனத்துக்கும் பிறகு, நான் அடித்து முடிக்கும்வரை பொறுத்துக்கொண்டிருந்தார். வெளியே பட்டாசு ஓயவில்லை. முடிந்ததா அம்மா என்று கேட்டேன். இன்னும் ஒன்று இருக்கிறது, அதுதான் முக்கியம் என்றார்.

‘பயந்தான்னா சிரிப்பான். சின்ன வயசுலருந்தே அப்படித்தான், உதட்டுல நிக்கும். அத நக்கல்னு நினைச்சி அடிச்சிடாதீங்கன்னு எழுது.’

என் விரல் எழுத்தில் நின்றுவிட்டது. மழை, பலகை மறைப்பு, குனிந்த அந்த முகம். என்ன சிரிப்பு இப்ப என்று கேட்டவள் நான். அவர் அன்றைக்கு இரண்டு முறை சிரித்தார். என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்.

‘எழுதுறியா புள்ள?’

எழுதினேன். அனுப்பினேன். மறுநாள் காலையில் திறந்து பார்த்தபோது கடிதம் மெலிந்திருந்தது. பதில் இல்லை. அன்றைக்கும் இல்லை, பிறகும் இல்லை. இதெல்லாம் நடந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. இப்போதும் போனில் எதையாவது பதியப்போய்ப் பிறந்த ஊரைக் கேட்டால் வாயில் வந்த ஊரைப் போடுவேன். ஒவ்வொரு முறையும் வேறு ஊர். மறந்துபோய், என் சொந்தக் கணக்குகள் எனக்கே திறப்பதில்லை. போனால் போகட்டும்.

அம்மா அடுத்த வாரம் வந்தபோது நான் வாசலுக்கே போய், படித்துவிட்டார்கள் என்று சொன்னேன். அவர் உள்ளே வரவில்லை. படியில் நின்றபடி கேட்டார்.

‘சிரிப்பப் பத்தி கடைசியாத்தானே எழுதினோம். அதுவரைக்கும் படிச்சிருப்பாங்களா?’

‘படிச்சிருப்பாங்கம்மா’ என்றேன்.